மறுவெளியீடுகளில் பெண்களின் சொந்தப் பெயர் வேண்டும்: வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பழைய வீடியோ கேம்களின் உரிமையை வைத்திருந்து, அவற்றைத் தொகுப்புகளாகவும் ரீமாஸ்டர்களாகவும் மீண்டும் வெளியிடும் நிறுவனத்தார், அவற்றை விற்கும் இணையக் கடைகளை நடத்துவோர்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சாமஸ் ஆரன், சுன்-லீ, லாரா கிராஃப்ட், ஆலிஸ், கிளாடோஸ் என்று உங்கள் கேம்களில் வந்த பெண் கதாபாத்திரங்களை உலகம் பல பத்தாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுடைய பொம்மைகள் விற்கின்றன. சிலரை வைத்துத் திரைப்படங்களும் வந்துவிட்டன. அவர்கள் முதலில் தோன்றிய கேம்களையே மெருகேற்றிப் புதிய கன்சோல்களுக்காக மறுபடியும் விற்கிறீர்கள், நாங்களும் விரும்பி வாங்குகிறோம். ஆனால் அந்த நாயகிகளை வரைந்த பெண்கள், அவர்கள் ஓடித் திரிந்த உலகங்களைக் கட்டிய பெண்கள், அவர்களுக்கு இசையமைத்த பெண்கள் யார் யார் என்று கேட்டால், கேம்களை நன்கு அறிந்தவர்கள்கூட இரண்டு மூன்று பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். விளையாடுபவர்களின் மறதியை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. பல இடங்களில் அந்தப் பெயர்கள் முதலிலிருந்தே எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சில இடங்களிலும் ஆள் யாரென்று தெரியாதபடி எழுதப்பட்டன. அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு மறுவெளியீட்டின்போதும் உங்கள் கைக்கு வருகிறது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

1986இல் கோனாமி வெளியிட்ட 'காசில்வேனியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டையோடு டிராகுலாவின் கோட்டைக்குள் நுழையும் வீரனின் பெயரை மறந்தவர்களுக்கும் அந்த முதல் கட்டத்தின் இசை மறந்திருக்காது. கேமை முடித்ததும் வரும் பெயர்ப் பட்டியலில் இசையமைப்பாளரின் இடத்தில் 'ஜேம்ஸ் பனானா' என்று இருக்கிறது. பழைய டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரை வேடிக்கையாகத் திரித்து வைத்த பெயர் அது. அந்தப் பட்டியல் முழுவதுமே திகில் படங்களோடும் கதைகளோடும் தொடர்புள்ள பெயர்களை வைத்துச் செய்த வேடிக்கைதான். உண்மையில் அந்த இசையை அமைத்தவர்கள் கினுயோ யாமஷிதா, சாதோயே தெராஷிமா என்ற இரண்டு பெண்கள். யாமஷிதா படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த முதல் வேலை அது. இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் தடம், சிறு ஒலித்துண்டுகளுக்கான ஒரு தடம் என்று அந்தக் காலத்து நின்டெண்டோ கருவி கொடுத்த ஐந்தே தடங்களுக்குள் ஒரு கோட்டையின் இருட்டையும் ஒரு வீரனின் நடையையும் கொண்டுவந்துவிட்டார்கள். கேமை முடித்த சிறுவர்கள், ஒருவேளை அந்தப் பட்டியலைப் படித்திருந்தால், ஜேம்ஸ் என்ற ஆணொருவர் அமைத்த இசை என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

இது ஒரு நிறுவனத்தோடு நின்ற வழக்கமன்று. 1987இல் காப்காம் வெளியிட்ட முதல் 'மெகா மேன்' கேமின் இசை மனாமி மட்சுமாயேவுடையது. பட்டியலில் அவர் 'சன்சகோரின் மனாமி'. சுன்-லீ தோன்றிய, 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கேமின் இசையில் பெரும்பகுதியை அமைத்த யோகோ ஷிமோமுரா அதில் 'ஷிமோ-பி'. சேகா நிறுவனத்தின் ஓவியர் ரியேகோ கோடாமா பல கேம்களில் 'ஃபீனிக்ஸ் ரியே'. திறமைசாலிகளின் பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் அவர்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற அச்சத்தில்தான் அன்றைய ஜப்பானிய நிறுவனங்கள் புனைபெயர்களைக் கட்டாயமாக்கின என்று அத்துறையினரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களும் அதே புனைபெயர்களுக்குப் பின்னால்தான் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழப்பு இருபாலருக்கும் ஒரே அளவில் விழவில்லை. பெயர் இல்லாத இடத்தில் படிப்பவர் மனம் தானாகவே ஓர் ஆணை உட்கார வைத்துவிடுகிறது. புனைபெயர் ஓர் ஆணிடமிருந்து அவருக்குரிய புகழை எடுத்துக்கொண்டது. பெண்ணிடமிருந்தோ, அவர் அந்த அறையில் இருந்தார் என்ற செய்தியையே எடுத்துவிட்டது.

ரியேகோ கோடாமாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1984இல் சேகாவில் ஓவியராகச் சேர்ந்த அவர், 1987 டிசம்பரில் வெளிவந்த 'ஃபேண்டசி ஸ்டார்' கேமுக்காக ஆலிஸ் என்ற பெண்ணை வரைந்தார். ஆயுதம் ஏந்திய ஆணொருவன் இளவரசியைத் தேடிப் போவதே வழக்கமாக இருந்த காலத்தில், இந்தக் கதை தன் அண்ணனை ஆட்சியாளனின் படையினர் கொன்றதைப் பார்த்து, அவன் விட்ட இடத்திலிருந்து தானே வாளை எடுக்கும் பெண்ணோடு தொடங்குகிறது. அவளோடு சேரும் ஓடின் என்ற பெருவீரனை முதலில் நாம் காண்பது கல்லாகச் சமைந்த நிலையில். மெடூசாவைக் கொல்லப் போய்த் தோற்றவன் அவன். ஆலிஸ் மருந்தோடு போய் அவனை மீட்ட பிறகே அவன் அவளுடைய குழுவில் ஒருவனாகிறான். யார் யாரைக் காப்பாற்றுவது என்ற வழக்கத்தை இந்தக் கேம் எந்த ஆரவாரமும் இல்லாமல் மாற்றி வைத்தது. அதை விளையாடும் எவரும் ஆலிஸை ஒரு விதிவிலக்காக உணர்வதில்லை, தலைவியாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த இயல்பு வரைந்தவரின் கைவண்ணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே கோடாமா முதல் 'சோனிக்' கேமின் ஓவியக் குழுவில் இருந்தார். 2000இல் வந்த 'ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா'வுக்குத் தயாரிப்பாளரானார். பின்னாளில் சேகாவின் பழைய கேம்களைப் புதிய கருவிகளுக்குக் கொண்டுவரும் 'சேகா ஏஜஸ்' வரிசைக்கும் பொறுப்பேற்றார். 2019இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாடு அவருக்கு முன்னோடி விருது அளித்தது. 2022 மே மாதம், 58 வயதில், அவர் காலமானார். அந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரிந்தது எப்படி என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஐந்து மாதங்களுக்குப் பிறகு, அக்டோபரில், சேகா வெளியிட்ட 'மெகா டிரைவ் மினி 2' என்ற சிறு கருவியின் பெயர்ப் பட்டியலில் அவருக்கு எழுதப்பட்டிருந்த அஞ்சலி வரியைப் பார்த்தே விளையாடுபவர்கள் அறிந்தார்கள். உலகெங்கும் இருந்து இரங்கல் செய்திகள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின. பெயர்ப் பட்டியலை யாரும் படிப்பதில்லை என்று உங்களில் எவரேனும் சொன்னால், இந்த ஒரு நிகழ்வே அதற்குப் பதில்.

பெயரைப் பெட்டியின் மேல் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உங்கள் துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்க கேம் நிறுவனமான அட்டாரி தன் புரோகிராமர்களின் பெயரை வெளியிட மறுத்தது, ஆக்டிவிஷன் என்ற நிறுவனம் 1979இல் உருவானதற்கு ஒரு காரணம். அட்டாரியை விட்டு வெளியேறியவர்கள் தொடங்கிய அந்த நிறுவனம் கேமை எழுதியவரின் பெயரை வெளிப்படையாக அச்சிட்டது. அங்கே கேரல் ஷா 1982இல் எழுதிய 'ரிவர் ரெய்ட்' அவர் பெயரோடுதான் கடைக்குப் போனது. அதற்கு முன் அட்டாரியில் அவர் வேலை பார்த்தபோது, பெண் வடிவமைப்பாளர் வந்துவிட்டதால் இனி கருவியில் செருகும் கேம் பேழைகளான கார்ட்ரிட்ஜ்களுக்கு நிறம் பொருத்தும் அழகு வேலைகளைச் செய்யலாம் என்ற பொருளில் அந்நிறுவனத்தின் தலைவர் பேசியதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்படிப் பேசப்பட்ட அந்தப் பெண் என்ன செய்தார் என்பதை, கேம் உருவாக்கம் கற்கும் மாணவிகளுக்கு நான் தாளில் எழுதிக் காட்டுவது வழக்கம். அட்டாரி 2600 கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். 'ரிவர் ரெய்ட்' மொத்தமும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். விமானம் பறந்துகொண்டே போக, கீழே ஆறு அகலமாகி, குறுகி, இரண்டாகப் பிரிந்து, மீண்டும் சேர்ந்து நீண்டுகொண்டே போகிறது. அத்தனை நீள ஆற்றைச் சேமித்து வைக்க அந்தக் கார்ட்ரிட்ஜில் இடமே கிடையாது. ஷா ஆற்றைச் சேமிக்கவில்லை. ஒரு தொடக்க எண்ணை எடுத்து, அதன் பிட்டுகளை நகர்த்தி, சிலவற்றைக் கலந்து அடுத்த எண்ணைப் பெறும் ஒரு சிறிய கணக்கை எழுதினார். அந்த எண்கள் கரையின் வளைவுகளையும் எதிரிகளின் இடங்களையும் தீர்மானித்தன. தொடக்க எண் மாறாததால் ஒவ்வொரு முறையும் அதே ஆறு வருகிறது; எனவே விளையாடுபவர் அதைப் பழகிக்கொள்ளவும் முடிகிறது. கணக்கைத் தாளில் நான்கைந்து படி போட்டுப் பார்த்ததும் மாணவிகள் முதலில் கேட்பது, இதை எழுதியது யார் என்பதுதான். பெட்டியில் பெயர் இருந்ததால் என்னால் உடனே பதில் சொல்ல முடிகிறது. 2017இல் 'தி கேம் அவார்ட்ஸ்' விழா ஷாவுக்கு 'இண்டஸ்ட்ரி ஐகான்' என்ற, துறையின் முன்னோடிக்கான விருதைக் கொடுத்தபோது, அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை.

ராபர்ட்டா வில்லியம்ஸின் கதையும் இதையே காட்டுகிறது. 1980இல் சமையலறை மேசையில் தொடங்கிய 'மிஸ்டரி ஹவுஸ்', எழுத்தால் மட்டுமே நடந்த சாகசக் கேம்களுக்குள் முதன்முதலில் படங்களைக் கொண்டுவந்தது. கதையையும் படங்களையும் அவர் செய்ய, கணவர் கென் புரோகிராம் எழுதினார். பிறகு அவர்களுடைய சியரா நிறுவனம் 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையை வெளியிட்டபோது, பெட்டிகளில் ராபர்ட்டாவின் பெயரை மறைக்கவில்லை. 1988இல் வந்த நான்காம் பாகத்தில் நோயில் கிடக்கும் அரசரைக் காப்பாற்றப் புறப்படுவது அவருடைய மகள் ரோசெல்லா. அந்த வரிசையின் வாடிக்கையாளர்கள் பெண் நாயகியை ஏற்பார்களா என்ற தயக்கம் அந்நாளில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ராபர்ட்டாவின் பெயரை நம்பி வாங்கியவர்கள் ரோசெல்லாவையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆக்கியவர் பெயர் தெரிந்திருப்பது புதுமைக்குத் துணிவு தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான நிலை, நாணயம் போட்டு விளையாடும் இயந்திரங்கள் நிறைந்த கூடங்களான ஆர்கேடுகளில் இருந்தது. அட்டாரியின் நாணய இயந்திரப் பிரிவில் பெண் புரோகிராமர் என்று ஒருவர்கூட இல்லாத காலத்தில் சேர்ந்த டோனா பெய்லி, எட் லாக்குடன் சேர்ந்து 'சென்டிபீட்' கேமை உருவாக்கினார். 1981இல் ஆர்கேடுகளுக்கு வந்த அந்த இயந்திரத்தில் காளான்களும் பூரானும் மின்னிய இளம் நிறங்கள், கருப்பு வெளியில் வெள்ளை விண்கலங்கள் பறந்த மற்ற இயந்திரங்களின் நடுவே அதைத் தனித்துக் காட்டின. பெண்களும் அதிகமாக வந்து நாணயம் போட்ட இயந்திரம் என்று அது பெயர் வாங்கியது. ஆனால் அந்தப் பெட்டியில் அட்டாரியின் முத்திரை இருந்தது, அதை வடிவமைத்தவளின் பெயர் இல்லை. பெய்லி ஓரிரு ஆண்டுகளிலேயே அங்கிருந்து விலகிவிட்டார். பல காலம் கழித்தே வரலாற்றாய்வாளர்கள் அவரைத் தேடிச் சென்று பேசினார்கள்.

இனி, பெயர் தெரியும் நாயகிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர்களுடைய நினைவும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. 1986இல் வந்த 'மெட்ராய்ட்' கேமில் உலோகக் கவசத்துக்குள் இருப்பவர் யார் என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. ஆங்கிலக் கையேடு ஆண்பாலிலேயே எழுதியது. விரைவாக முடித்தால் கவசம் களைந்து சாமஸ் ஒரு பெண் என்று தெரிகிறது. அந்த வெளிப்பாட்டின் வியப்பை இன்றும் பலர் நெகிழ்ந்து சொல்கிறார்கள். ஆனால் இன்னும் விரைவாக முடித்தால் அவர் இன்னும் குறைந்த உடையில் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு கோளின் எதிரிகளையெல்லாம் தனியாளாக வென்று மீண்டவளின் உடல், விளையாடியவருக்கான பரிசாக்கப்பட்டது. சாமஸ் அதையும் தாண்டி நிலைத்தார் என்றால், விளையாடிய எங்களுக்கு அந்தக் கவசமும் தனிமையுமே அவராக இருந்தன என்பதுதான் காரணம்.

லாரா கிராஃப்டுக்கும் இதே போராட்டம் இருந்தது. இங்கிலாந்தின் டெர்பி நகரில் கோர் டிசைன் நிறுவனத்தின் ஒரு சிறு குழு 1996இல் வெளிவந்த 'டூம் ரைடர்' கேமுக்காக அவளை உருவாக்கியது. அவளை வடிவமைத்த டோபி கார்ட், விளம்பரங்கள் அவளைக் கையாண்ட விதத்தில் வருத்தமுற்று மறு ஆண்டே அங்கிருந்து விலகினார் என்பது பலருக்கும் தெரியும். அதே குழுவில் ஹெதர் கிப்சன் கட்டங்களை வடிவமைத்தார் என்பதும், விக்கி ஆர்னல்ட் கதைக்கான வசனத்தை எழுதினார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? லாரா தாவிப் பிடித்த விளிம்புகளும், நுழைந்து வழி தவறிய கல்லறைகளும், அவள் வாயிலிருந்து வந்த கூர்மையான சொற்களும் பெண்களின் கையையும் கடந்து வந்தவை. விளம்பரத் தாள்களில் அவளுடைய உடலளவு பேசப்பட்ட நாட்களில் இந்த இரண்டு பெயர்களும் அதே பக்கங்களில் இருந்திருந்தால், அவளைப் பற்றிய பேச்சே வேறு திசையில் போயிருக்கும். 2013இல் அவளுடைய கதையைப் புதிதாகத் தொடங்கியபோது தலைமை எழுத்தாளராக ரியானா பிராட்செட்டின் பெயர் வெளியே தெரிந்தது. லாராவின் அச்சத்தையும் துணிவையும் பற்றி அவரிடமே பத்திரிகைகள் கேட்க முடிந்தது. பதினேழு ஆண்டுகளில் வந்த அந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாமஸுக்கு நேர்ந்ததற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது 2007இல் வந்த 'போர்ட்டல்'. டிஜிபென் என்ற கல்வி நிறுவனத்தில் கிம் ஸ்விஃப்டும் அவருடைய சக மாணவர்களும் செய்த ஒரு கேமைப் பார்த்து, வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் இது. நாம் யாராக விளையாடுகிறோம் என்பது இங்கும் முதலில் தெரிவதில்லை. கையிலுள்ள கருவியால் சுவரில் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு வாயில்களைத் தக்க கோணத்தில் திறந்தால், ஒன்றின் வழியே மற்றொன்றில் நிற்கும் நம்மையே நாம் பார்க்கலாம். ஆரஞ்சு நிற வேலையுடையில் ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான். அதற்கொரு பரிசும் இல்லை, விளக்கமும் இல்லை. அவளை எதிர்ப்பது எலன் மெக்லெய்ன் என்ற ஓபரா பாடகியின் குரலில் பேசும் கிளாடோஸ் என்ற இயந்திரம். கேம் முழுவதும் இவ்விரு பெண்களுக்கிடையேதான் நடக்கிறது என்பதை, விளையாடி முடித்த பிறகே பலரும் கவனித்தார்கள். இந்த அருமையான கேமிலும் எனக்கொரு குறை உண்டு. வால்வ் தன் கேம்களின் இறுதியில் யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் எல்லோரையும் அகர வரிசையில் தருவது வழக்கம். சமத்துவ நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண் என்ற செய்தியை அந்தப் பட்டியலிலிருந்து எந்த மாணவியும் தெரிந்துகொள்ள முடியாது.

இவையெல்லாம் பழைய கதை, இப்போது எல்லோர் பெயரும் வருகிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் 2021இல் 'மெட்ராய்ட் டிரெட்' வெளிவந்தபோது, அதில் வேலை பார்த்த சிலர் தங்கள் பெயர் இல்லை என்று வெளியே சொன்னார்கள். மொத்த உருவாக்கக் காலத்தில் குறைந்தது 25 விழுக்காடு வேலை பார்த்தவர்களின் பெயர்தான் வரும் என்பது தங்கள் விதி என அதை உருவாக்கிய நிறுவனம் பதில் தந்தது. 2023இல் 'மெட்ராய்ட் பிரைம்' ரீமாஸ்டர் வந்தபோது, முதல் கேமை உருவாக்கியவர்களின் பெயர்களுக்குப் பதிலாக, அவர்களுடைய பணியை அடிப்படையாகக் கொண்டது என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. பழைய குழுவினர் சிலர் தங்கள் வருத்தத்தை வெளிப்படையாகவே எழுதினார்கள். நான்கைந்து ஆண்டுகள் எடுக்கும் ஒரு கேமில் 25 விழுக்காடு என்பது ஓராண்டோ அதற்கும் மேலோ ஆகும். பிரசவ விடுப்பில் போனவர், ஒப்பந்தத்தில் சில மாதங்களுக்கு வந்தவர், கைக்குழந்தையோடு இரவு வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் விலகியவர் ஆகியோரெல்லாம் இத்தகைய விதியில் முதலில் விழுவார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர் போடுவதற்கான வழிகாட்டு நெறிகளைச் சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் வகுத்து வைத்திருக்கிறது. அதைப் பின்பற்றுவது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது, அதுதான் சிக்கல்.

ஒரு நியாயமான தயக்கத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. பெயர் வெளியே தெரிவது பெண்களுக்குப் பெருமையை மட்டும் கொண்டுவருவதில்லை. 2014இல் கேம் துறைப் பெண்களைக் குறிவைத்து இணையத்தில் நடந்த தாக்குதல்களில் சிலர் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. கேம்களில் பெண்கள் காட்டப்படும் விதத்தை விமர்சித்துவந்த அனிதா சர்க்கீசியன், துப்பாக்கிச் சூடு நடத்தப்போவதாக வந்த மிரட்டலால் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரையைக் கைவிட்டார். ஆகவே, சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் பெயரை அச்சிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள் என்கிறேன். வேண்டாம் என்பவரின் விருப்பத்தை மதியுங்கள். ஆனால் மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சாக்காக வைத்து ஒட்டுமொத்தமாகப் பெயர்களை மறைப்பது, மிரட்டியவர்கள் கேட்டதையே அவர்களுக்குக் கொடுப்பதாகும். பெயர் போட்டபின் தொல்லை வந்தால் ஊழியரின் பக்கம் நிற்பதும் நிறுவனத்தின் கடமைதான்.

எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990களில் 'டிவி கேம்' என்ற பெயரில் வீடுகளுக்கு வந்தவை ஜப்பானியக் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம்கள் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். சுற்றிச் சுற்றி அதே சில கேம்கள்தான் வரும். தயாரித்த நிறுவனத்தின் பெயர்கூட அழிக்கப்பட்டே எங்களிடம் வந்த காலத்தில், இசையமைத்தவரின் பெயரை எங்கே பார்ப்பது? அந்த நகல்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை. இன்று நீங்களே முறைப்படி விற்கும் பதிப்புகளிலும் அதே வெறுமை தொடர்வதற்குத்தான் பொறுப்பு.

இப்போது என்னிடம் பேசும் மாணவிகளுக்கு வேறொரு நாயகியும் கிடைத்திருக்கிறாள். டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வில், 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பெண் அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி வார்க்கிறாள். குறிப்பில் அழிந்துபோன இடங்களை விளையாடுபவர்தான் யோசித்து நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகனிடம் அவள் தமிழில் பேசிக்கொண்டே இருக்கிறாள். வாள் ஏந்தாத, நடுவயதுத் தாயான அவளை நாயகியாக வைத்த அந்தக் கேம் 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. அதை விளையாடிய மாணவிகள் தங்கள் வீட்டு அடுப்படியையும் கேமாக்கலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிப் பேசும் பெண்ணிடம், உனக்கு முன் இன்னின்னார் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்குப் பெயர்கள் வேண்டும். ரசிகர்களின் பொழுதுபோக்குத் தேடலால் வெளிவந்த பெயர்களை நம்பியே நான் இதுவரை சொல்லி வருகிறேன். மூல ஆவணங்கள் உங்கள் அலமாரிகளில் இருக்கின்றன.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. 2022இல் வெளிவந்த 'அட்டாரி 50' தொகுப்பு, பழைய கேம்களை ஒரு காலக்கோட்டில் வைத்து, ஆவணங்களையும் உருவாக்கியவர்களின் நேர்காணல்களையும் கேம்களோடு சேர்த்தே தந்தது. ஒரு கேமைப் பற்றிப் படித்துவிட்டு அப்படியே அதை விளையாடவும் முடிந்தது. அந்த அளவு உழைப்பு எல்லா மறுவெளியீட்டுக்கும் சாத்தியமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே குறைந்தபட்சமாக இவற்றைச் செய்யுங்கள். பழைய கேமை மறுபடி விற்கும்போது அதன் முழுப் பெயர்ப் பட்டியலையும், புனைபெயர்களுக்கு அருகே சொந்தப் பெயரையும், அவர் செய்த வேலையையும், அவருடைய ஒப்புதலோடு சேருங்கள். முதல் கேமில் பட்டியலே இல்லையென்றால் புதிதாக ஒன்றைத் தயாரியுங்கள். அதில் வேலை பார்த்தவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். கோடாமாவைப் போன்றவர்களை நாம் இழக்கத் தொடங்கிவிட்டதால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. புதிய கேம்களில் வேலைக்கால விழுக்காடு என்ற தடையை எடுத்துவிடுங்கள். மரியாதைக்குரிய இணையக் கடையினரே, உங்கள் பக்கங்களில் உருவாக்கிய நிறுவனம், வெளியிட்ட நிறுவனம் என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே, வடிவமைப்பு, எழுத்து, ஓவியம், இசை, குரல் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்களின் பெயரைக் காட்டவும், அந்தப் பெயரைத் தொட்டால் அவர் செய்த மற்ற கேம்கள் வரவும் வழிசெய்யுங்கள். ஓர் இசைத்தட்டையோ புத்தகத்தையோ விற்கும் கடையில் இந்த வசதி இல்லாமல் இருப்பதை எவரும் ஏற்கமாட்டார்கள்.

தொடங்குவதற்கு ஓரிடமும் சொல்கிறேன். இந்த மடலில் நான் குறிப்பிட்ட 1986, 1987ஆம் ஆண்டுகளின் கேம்கள் எல்லாமே உங்களிடம் இன்றும் விற்பனையில் வந்து போகின்றன. அடுத்த முறை அவற்றை வெளியிடும்போதோ, இப்போதிருக்கும் பதிப்புக்கு ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பும்போதோ, யாமஷிதா, தெராஷிமா, மட்சுமாயே, கோடாமா ஆகியோரின் பெயர்களை அவர்கள் செய்த வேலையோடு திரையில் காட்டுங்கள். இதற்கு உங்கள் நிறுவனங்களில் யார் பொறுப்பேற்பார்கள், எந்தப் பதிப்பிலிருந்து தொடங்குவீர்கள் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேம்களை விளையாடி வளர்ந்து, இன்று கேம் உருவாக்கம் கற்பிக்கும் ஒரு தமிழ்ப் பெண்